கடலை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்

மீன் தொட்டிக்குப் பெயர் சூட்டிய பிலிப் கோஸ் வாழ்க்கை

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே தெளிந்த தண்ணீர். பச்சைச் செடிகள். செடிகளுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள் ஓடி விளையாடுகின்றன. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள்.

இது இன்று எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி. இந்தத் தொட்டிக்கு "அக்வேரியம்" என்று பெயர்.

இந்தப் பெயரை உலகம் முழுவதும் பரவச் செய்தவர் யார்? கடல் தண்ணீரையும், கடலில் வாழும் பிராணிகளையும் வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாம் என்று சாதாரண மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

அவர் பெயர் பிலிப் ஹென்றி கோஸ். இங்கிலாந்து நாட்டுக்காரர். ஏழை ஓவியரின் மகன். கல்லூரி வாசலை மிதிக்காதவர்.

ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் அவர் கடலைக் கொண்டு வந்தார். அதனால் பெரும் புகழ் பெற்றார். பிற்காலத்தில், அதே காரணத்தால் மனம் நொந்தார்.

அவருடைய கதை இது.

ஊர் ஊராகச் சென்ற தந்தை

பிலிப் 1810-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள ஊஸ்டர் நகரில் பிறந்தார். நான்கு குழந்தைகளில் இவர் இரண்டாவது.

தந்தை தாமஸ் கோஸ், மனிதர்களின் முகத்தைச் சிறு படமாக வரைந்து பிழைத்தவர். உள்ளங்கையில் அடங்கிவிடும் படங்கள் அவை. படம் வரையச் சொல்வோரைத் தேடி ஊர் ஊராகப் போவார். சில நாள் பணம் வரும். பல நாள் வராது.

தாயார் ஹன்னா, திருமணத்துக்கு முன்பு பெரிய வீடுகளில் வேலை செய்தவர். சிக்கனமும் கண்டிப்பும் நிறைந்தவர். அவர்தான் குடும்பத்தைத் தாங்கினார்.

குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. அங்கே பிலிப்பின் அத்தை இருந்தார். இயற்கையில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர். பூச்சிகளைப் பற்றியும், கடற்கரைப் பிராணிகளைப் பற்றியும் சிறுவன் பிலிப்புக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"கடல் சாமந்தி" என்று ஒரு பிராணி உண்டு. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் பூவைப் போலவே இருக்கும். ஆனால் அது பூ அல்ல. இதழ் போலத் தோன்றுபவை எல்லாம் அதன் கைகள். சிறு மீனோ, இறாலோ தொட்டால் பிடித்து விழுங்கிவிடும்!

அதைக் கடல் நீரோடு ஒரு பாத்திரத்தில் போட்டு வைத்துப் பார்க்கும்படி அத்தை சொன்னார். பின்னால் உலகப் புகழ் பெற்ற ஒரு வேலைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

கடல் கடந்த கணக்கப்பிள்ளை

வீட்டில் வறுமை. 15 வயதில் பிலிப் ஒரு வியாபாரியின் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனார்.

17 வயதில் கடல் கடந்தார். 1827-ம் ஆண்டு, வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பல் ஏறினார். அங்கும் கணக்கு எழுதும் வேலைதான். மீனும் சீல் தோலும் விற்கும் கம்பெனி. கடுங்குளிர். எங்கும் பனி. 8 ஆண்டுகள் அங்கே கழிந்தன.

1832-ம் ஆண்டு அவர் ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். சிறு பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் கருவியைப் பற்றிய புத்தகம் அது. அதைப் படித்ததும் அவர் வாழ்க்கையே மாறிவிட்டது. பூச்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து வரைந்தார்.

தந்தையிடம் பார்த்துப் பழகிய நுண்ணிய ஓவியம் இங்கே கைகொடுத்தது. மனிதரின் முகத்தைத் தந்தை எவ்வளவு நுட்பமாக வரைந்தாரோ, அவ்வளவு நுட்பமாக மகன் பூச்சியின் இறகை வரைந்தார்.

அதே ஆண்டில் அவருக்குக் கடவுள் பக்தியும் ஆழமாக ஏற்பட்டது. பைபிளும் மைக்ராஸ்கோப்பும் கடைசி வரை அவரை விட்டுப் பிரியவில்லை.

தோல்வி மேல் தோல்வி

1835-ம் ஆண்டு கணக்கு வேலையை விட்டார். கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். பூச்சிகளைப் பார்த்த நேரத்தில் பயிர் போய்விட்டது! மூன்று ஆண்டுகளில் கைப்பணம் கரைந்தது.

1838-ல் அமெரிக்காவின் அலபாமா பகுதிக்குச் சென்றார். பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கே கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அந்தக் கொடுமை அவருக்குப் பிடிக்கவில்லை. நீண்ட நாள் தங்கவில்லை.

1839-ல் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். 28 வயது. கையில் காசு இல்லை. தொழில் இல்லை. ஆனால் கப்பலில் அவர் சும்மா இருக்கவில்லை. கனடாவில் கண்ட செடி கொடிகளையும் பிராணிகளையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

அவருடைய அத்தை மகன் தாமஸ் பெல், லண்டனில் பல் வைத்தியர். விலங்கியல் அறிஞரும்கூட. அவர் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பாராட்டி, பதிப்பாளரிடம் சேர்ப்பித்தார். 1840-ல் புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகு எழுத்தே அவர் தொழில் ஆயிற்று.

1844-ல் ஜமைக்கா தீவுக்குப் போனார். ஒன்றரை ஆண்டுகள் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். சாமுவேல் காம்பெல் என்ற கறுப்பு இளைஞர் அவருக்கு உதவியாக இருந்தார். அவருடைய கூர்மையான பார்வையைப் பிலிப் தம் புத்தகத்தில் மனம் திறந்து புகழ்ந்திருக்கிறார்.

மகனும் குருவியும்

1848-ம் ஆண்டு பிலிப்புக்குத் திருமணம் நடந்தது. அவருக்கு வயது 38. மணமகள் எமிலிக்கு வயது 42. எமிலியும் எழுத்தாளர்தான். மதப் பிரசாரத்துக்காகச் சிறு சிறு நூல்கள் எழுதியவர்.

மறு ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. எட்மண்ட் என்று பெயர் வைத்தார்கள்.

பிலிப்புக்கு நாள்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அன்று அவர் எழுதியது மிகவும் சுருக்கம். மனைவிக்கு மகன் பிறந்ததையும், ஜமைக்காவில் இருந்து பச்சை நிறக் குருவி ஒன்று வந்து சேர்ந்ததையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார்!

இதைப் படித்துவிட்டு அவரை அன்பில்லாதவர் என்று எண்ணவேண்டாம். எதையும் நடந்த வரிசையில் குறிப்பது அவர் வழக்கம். மகனைப் பிற்காலத்தில் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றவரும் அவர்தான்.

பாறைக் குட்டையில் ஒரு பூந்தோட்டம்

இரவு பகலாக எழுதியதில் பிலிப்பின் உடல்நிலை கெட்டது. கடற்கரையில் ஓய்வு எடுப்பதற்காக, 1852-ம் ஆண்டு குடும்பத்தோடு டெவன் மாவட்டத்துக்குப் போனார்.

ஓய்வு எடுக்கப் போனவர் ஓய்வு எடுத்தாரா? இல்லை!

டெவன் கடற்கரை பாறைகள் நிறைந்தது. கடல் பெருகும்போது பாறைகள் மூழ்கிவிடும். கடல் வற்றும்போது பாறைகளின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். அவை சின்னஞ்சிறு குளங்கள். ஒவ்வொரு குளமும் ஒரு பூந்தோட்டம். சிவப்பு, பச்சை, ஊதா நிறங்களில் கடற்பாசிகள். விரிந்த கடல் சாமந்திகள். நட்சத்திர மீன்கள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள்.

பிலிப் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்பார். கையில் சுத்தியலும் உளியும் இருக்கும். பாசியை வெறுமனே பிடுங்கினால் அழுகிவிடும். ஆகவே, அது ஒட்டியிருக்கும் பாறைத் துண்டோடு சேர்த்துப் பெயர்த்து எடுப்பார். கண்ணாடிச் சாடிகளில் போட்டு அறைக்குக் கொண்டு வருவார்.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது.

கடல் பிராணியைச் சாடியில் போட்டால் சில நாட்களில் தண்ணீர் கெட்டுவிடும். நாற்றம் வீசும். பிராணி செத்துவிடும். அடிக்கடி தண்ணீரை மாற்றவேண்டும். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது முடியும். லண்டனில் இருப்பவர் கடல் நீருக்கு எங்கே போவார்?

செடி, மீன், நத்தை

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் பிலிப் மட்டும் அல்ல.

பிரான்சு நாட்டுப் பெண்மணி ஜான் பவர், 1832-ம் ஆண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகள் செய்து, கடல் பிராணிகளை ஆராய்ந்தார். லண்டனில் ஆனா தைன் என்ற சீமாட்டி பவளப் பூச்சிகளை வளர்த்தார். அவர் வீட்டுப் பணிப்பெண், தொட்டித் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றி ஊற்றிக் காற்றைக் கலக்கவேண்டியிருந்தது!

ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் 1850-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 12 காலன் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் தங்க மீன்களை விட்டார். நீர்ச்செடியும் வைத்தார். முதலில் மீன்கள் நன்றாக இருந்தன. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது.

வாரிங்டன் யோசித்தார். குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றுவிட்டன. தண்ணீர் தெளிந்தது!

இதன் ரகசியம் என்ன?

மீன் மூச்சு விடும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயு குறைகிறது. கரியமில வாயு கூடுகிறது. வெளிச்சம் பட்டால் செடி அந்தக் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராண வாயுவைக் கொடுக்கிறது. மீனின் கழிவு செடிக்கு உரம் ஆகிறது. அழுகலை நத்தை தின்கிறது. ஒன்றுக்கு ஒன்று துணை. ஒன்று கூடினாலும், ஒன்று குறைந்தாலும் எல்லாம் கெடும்.

இது குளத்து நீருக்கு. கடல் நீருக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்று வாரிங்டனும் பிலிப்பும் தனித்தனியே சோதித்துக் கண்டார்கள். நீர்ச்செடிக்குப் பதில் கடற்பாசி. குளத்து நத்தைக்குப் பதில் கடல் நத்தை. அவ்வளவுதான்!

பிலிப் சொன்ன முறை

அறிஞர்கள் அறிஞர்களுக்காக எழுதினார்கள். பிலிப் குடும்பங்களுக்காக எழுதினார். அதுதான் அவருடைய சிறப்பு. அவர் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது.

முதலில் தொட்டியில் கற்களையும் பாசியையும் வைக்கவேண்டும். பாசி தண்ணீருக்குப் பழகிய பிறகுதான் பிராணிகளை விடவேண்டும். அவசரம் கூடாது.

தொட்டியில் வெளிச்சம் படவேண்டும். ஆனால் கடும் வெயில் கூடாது. தண்ணீர் சூடேறினால் பிராணிகள் தாங்கமாட்டா.

செத்த பிராணியை உடனே எடுத்து எறிந்துவிட வேண்டும். ஒன்றை விட்டு வைத்தால் மற்றவையும் சாகும்.

கடல் நீர் ஆவியாகிக் குறைந்தால், நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மறுபடியும் உப்பு நீரை ஊற்றினால் உப்பு அளவுக்கு மீறிவிடும்.

கடலுக்குத் தூரத்தில் இருப்பவர்களுக்கும் அவர் வழி சொன்னார். கடல் நீரைச் செயற்கையாகச் செய்யும் முறையை 1854-ல் வெளியிட்டார். நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல தண்ணீரில், சுமார் 100 கிராம் சமையல் உப்பு, 7 கிராம் எப்சம் உப்பு, 13 கிராம் மக்னீசியம் குளோரைடு, இரண்டரை கிராம் பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலக்கவேண்டும். அந்தத் தண்ணீரில் கடற்பாசியைச் சில நாட்கள் வைத்துவிட்டு, பிறகு பிராணிகளை விட்டார். அவை உயிரோடு இருந்தன!

உலகின் முதல் மீன் காட்சிசாலை

1853-ம் ஆண்டு மே மாதம், லண்டன் மிருகக்காட்சி சாலையில் "மீன் வீடு" திறக்கப்பட்டது. பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட உலகின் முதல் மீன் காட்சிசாலை அதுதான். அங்கே வைத்த கடல் பிராணிகளில் பலவற்றைச் சேகரித்துக் கொடுத்தவர் பிலிப்.

அதுவரை மக்கள் கடல் பிராணியை எப்படிப் பார்த்தார்கள்? வலையில் செத்துக் கிடக்கும்போது பார்த்தார்கள். சாராயப் புட்டியில் வெளுத்துக் கிடக்கும்போது பார்த்தார்கள். உயிரோடு, நிறத்தோடு, ஓடி ஆடி இரை பிடிப்பதை முதல் முறையாகக் கண்ணாடி வழியே கண்டார்கள். கூட்டம் அலைமோதியது.

இதைப் பார்த்துப் பல நாடுகளில் மீன் காட்சிசாலைகள் தோன்றின. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் ஒன்று திறக்கப்பட்டது.

பெயர் பிறந்தது

அப்போது இந்தத் தொட்டிக்கு ஆளுக்கு ஒரு பெயர் சொல்லி வந்தார்கள். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். பிலிப், "அக்வேரியம்" என்ற சிறிய பெயரைத் தேர்ந்தெடுத்தார். அது லத்தீன் சொல். "அக்வா" என்றால் தண்ணீர்.

1854-ம் ஆண்டு அந்தப் பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அவரே வரைந்த வண்ணப் படங்கள் அதில் இருந்தன. வண்ணப் படம் அபூர்வமாக இருந்த காலம் அது. மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். மறு ஆண்டு, தொட்டி வைக்கும் முறையை மட்டும் விளக்கும் ஒரு கையேடு எழுதினார்.

1856-ல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானிக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கவுரவம் அது. கணக்கப்பிள்ளையாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அந்த இடத்தைப் பிடித்தார்.

எங்கும் தொட்டி மோகம்

அதன் பிறகு இங்கிலாந்தில் மீன் தொட்டி மோகம் காட்டுத் தீ போலப் பரவியது.

அதற்குக் காலமும் துணை செய்தது. 1845-ல் கண்ணாடி மீது இருந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிவாகியது. புதிதாகப் போட்ட ரெயில் பாதைகள் கடற்கரை வரை நீண்டன. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் கடற்கரை!

லண்டனில் வில்லியம் லாயிட் என்பவர் தொட்டிகளும் கடல் பிராணிகளும் விற்க ஒரு கடையே திறந்தார். வசதியுள்ள வீடுகளின் கூடத்தில் தொட்டி இருப்பது நாகரிகம் ஆயிற்று.

பிலிப் 1855-ல் கடற்கரையிலேயே வகுப்பு நடத்தினார். ஆண்களும் பெண்களும் அவர் பின்னால் பாறைகளில் ஏறி இறங்கினார்கள். கவுன் ஈரமாவதைப் பெண்கள் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் விழுந்த இடி

புகழின் உச்சியில் இருந்தபோது வீட்டில் இடி விழுந்தது.

1856-ம் ஆண்டு எமிலிக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. கத்தி வைக்காமல் மருந்து பூசிக் குணப்படுத்துவதாக ஒரு வைத்தியர் சொன்னார். அதை நம்பினார்கள். மருந்து மாதக்கணக்கில் எமிலியை வதைத்தது. நோய் தீரவில்லை.

வைத்தியர் வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்து எமிலி தங்கியிருந்தார். துணைக்கு இருந்தவன் ஏழு வயது மகன் எட்மண்ட். அந்தச் சின்னக் கைகள்தான் தாய்க்குப் பணிவிடை செய்தன.

1857-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் எமிலி இறந்தார்.

உடைந்த மனத்தோடு பிலிப் மகனை அழைத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்கே குடிபோனார். அங்கே செயின்ட் மேரிசர்ச் என்ற ஊரில் வீடு வாங்கினார்.

அதே ஆண்டு இன்னோர் அடி விழுந்தது. பூமி பல லட்சம் ஆண்டுகள் பழமையானது என்று பாறை அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பிய பிலிப்பால் அதை ஏற்க முடியவில்லை. படைக்கும்போதே பழைய தோற்றத்தோடு உலகம் படைக்கப்பட்டது என்று ஒரு புத்தகம் எழுதினார். விஞ்ஞானிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். மதவாதிகளும் ஏற்கவில்லை. இரு தரப்பும் சேர வழி சொல்ல நினைத்தவர், இரு தரப்புக்கும் வேண்டாதவர் ஆனார்.

துயரத்துக்கு மருந்தாக அவர் கடலையே நாடினார். தந்தையும் மகனும் பாறைக் குட்டைகளின் ஓரத்தில் மணிக்கணக்கில் குனிந்து கிடந்தார்கள். இங்கிலாந்தின் கடல் சாமந்திகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூல் 1860-ல் முடிந்தது. அவருடைய நூல்களில் தலைசிறந்தது அது.

வெறும் பாறை

இனிதான் இந்தக் கதையின் சோகமான பகுதி.

பிலிப்பின் புத்தகங்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். எல்லார் கையிலும் சுத்தியல். எல்லார் கையிலும் உளி. எல்லார் கையிலும் கூடை. பாறைகளை உடைத்தார்கள். கடல் சாமந்திகளைப் பெயர்த்தார்கள். பாசிகளை வாரினார்கள். விற்பதற்காக அள்ளியவர்களும் உண்டு.

கொண்டு போனவை எல்லாம் பிழைத்தனவா? இல்லை. தொட்டியை வாங்கியவர்கள் பலருக்குப் பொறுமை இல்லை. சிறிய தொட்டியில் அளவுக்கு மேல் பிராணிகளை அடைத்தார்கள். தண்ணீர் நாறியது. எல்லாம் செத்தன. செத்ததை எறிந்துவிட்டு, மறுபடியும் கடற்கரைக்கு ஓடினார்கள்.

ஒரு பாறைக் குட்டை நிறைவதற்குப் பல காலம் ஆகிறது. அதை வெறுமையாக்க ஒரு பிற்பகல் போதும்!

பூந்தோட்டமாக இருந்த குட்டைகள் வெறும் பாறைப் பள்ளங்கள் ஆயின. பிலிப் அதைத் தம் கண்ணாலேயே கண்டார். கடவுளின் படைப்பை மக்கள் கண்டு வணங்கவேண்டும் என்றுதான் அவர் எழுதினார். அந்த எழுத்தே படைப்பை அழிக்கும் கருவி ஆகிவிட்டது. தாமே அதற்குக் காரணம் என்பதை உணர்ந்து அவர் மிகவும் வருந்தினார்.

பிற்காலத்தில் எட்மண்ட் பெரிய எழுத்தாளர் ஆனார். தந்தையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1907-ல் வெளிவந்தது. அதில் இந்த அழிவை உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் தாம் கண்ட அந்தக் கரையை இனி ஒருவரும் காணமுடியாது என்று ஏங்கியிருக்கிறார்.

இந்த எட்மண்டை நமக்கும் தெரியும். இந்தியாவைப் பற்றிப் பாடும்படி இளம் சரோஜினி தேவிக்கு அறிவுரை சொன்ன ஆங்கில எழுத்தாளர் அவர்தான். "கவிக்குயில்" சரோஜினியின் ஒரு கவிதை நூலுக்கு 1912-ல் முன்னுரையும் எழுதினார்.

கடைசிக் காலம்

1860-ம் ஆண்டு பிலிப், எலைசா என்ற பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். எட்மண்டை அவர் அன்போடு வளர்த்தார்.

அதே 1860-களில் மீன் தொட்டி மோகம் வடிந்துவிட்டது. பல வீட்டுத் தொட்டிகள் பரணுக்குப் போயின. பிலிப் மட்டும் கற்பதை நிறுத்தவில்லை. ஆர்க்கிட் பூக்களை வளர்த்தார். சொட்டுத் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பிராணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்தார். அவற்றைப் பற்றிய நூல் வெளிவந்தபோது அவருக்கு 76 வயது!

1888-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி, தம் டெவன் வீட்டிலேயே பிலிப் கோஸ் காலமானார். வயது 78.

அவருக்குத் தெரியாத ரகசியம்

செடியும் மீனும் சமமாக இருந்தால் போதும் என்று பிலிப் காலத்தில் நினைத்தார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை மாற்றிக் கேடு குறைந்த பொருள் ஆக்குகின்றன. இந்த நுண்ணுயிர்களை 1890-ல் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்துக் காட்டினார்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இரா. அவை மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகப் பல வாரங்கள் ஆகும். வாங்கிய அன்றே தொட்டி நிறைய மீன்களை விட்டால், அவை ஒரே வாரத்தில் மடிவது இதனால்தான். முதலில் இரண்டு மூன்று மீன்கள் போதும். தீனியைக் கொஞ்சமாகப் போடவேண்டும். வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றினால் நல்லது. எல்லாத் தண்ணீரையும் கொட்டிக் கழுவக்கூடாது.

கடையில் வாங்கும்போதும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளத்து நீரில் வாழும் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. ஆனால் கடல் நீர்த் தொட்டிக்கு விற்கும் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. ஒன்று செத்தால், அதற்குப் பதில் இன்னொன்றைக் கடலில் இருந்து பிடிக்கவேண்டியிருக்கும். பண்ணையில் வளர்ந்த மீன் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

அவசரப்படாதே, அளவுக்கு மேல் அடைக்காதே என்பதைப் பிலிப் புத்தகத்தில் எழுதினார். கடலில் இருந்து அளவுக்கு மேல் எடுக்காதே என்பதை அவருடைய வாழ்க்கை எழுதிக் காட்டியது.

தொட்டி வைப்பவர்கள் இரண்டையும் மறக்கக்கூடாது.